நாக்குக்கு அடியில்

பேசக்கூடாது. எச்சிலை விழுங்கக்கூடாது. துப்பக்கூடாது. நாக்கின் நுனியை மேல்பல்லுக்கு அண்டக் கொடுத்து, அடியில் கொட்டிய பொடி தானாகக் கரைகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே வருகிறவனுக்கு வேறு வேலை கிடையாது. ஜெசிந்தா சிஸ்டர் மாத்திரையை நசுக்கி, கம்பி ஜன்னல் வழியாகச் சின்னக் கரண்டியை நீட்டி, "தூக்குப்பா நாக்கை, இன்னும் தூக்கு" என்று டில்லிபாபுவின் வாயில் தட்டிவிட்டு இன்னும் அடுத்த ஆளைக்கூடக் கூப்பிடவில்லை. கசப்பு, அதன் ஓரத்தில் ஒரு எலுமிச்சை வாடை. ஒரு வருஷத்துக்கு மேலாகப் பழகிய ருசி. பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்குப் போகிற சந்தில் இருக்கிறது இந்த அறை. பிரவுன் ஷுகர் போதையை விட முடியாதவர்கள் தினம் ஒருமுறை வந்து, அதற்குப் பதிலாக இந்த மாத்திரையை வாங்கிக்கொண்டால் உடம்பு பிரவுனைக் கேட்காது. ஊசியைத் தேடி ஓட வேண்டாம், கத்தி பிடிக்கிற கை நடுங்காது, சோறு இறங்கும். ஆனால் தினம் வர வேண்டும். அவன் நாலு நாளாக வரவில்லை. இன்றைக்கும் வராமல் இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள், பிறகு மறுபடி சேர்வதற்குக் காத்திருக்கிறவர்கள் வரிசையின் வால் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வந்துவிட்டான். வந்து, சிஸ்டரிடம் ஒரு பொய்யைச் சொல்லி, பொடியை வாங்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

"கடைசியா எப்ப போட்டே?" என்று சிஸ்டர் கேட்டாள். "முந்தாநேத்து ராத்திரி" என்றான். முந்தாநேற்றும் இல்லை, நேற்றும் இல்லை. இன்று விடிகாலையில், அவன் ஆடு உரிக்கிற ஆட்டுத்தொட்டிக்குப் பின்னால் தோலுக்கு உப்புப் போடுகிற கொட்டகையில், சாக்கு அடுக்குக்கு மறைவாகக் குந்தி, இடது கணுக்காலுக்கு மேலே. அதுவும் எதற்காக? இங்கே வருவதற்காக. ராத்திரியெல்லாம் முழங்கால் எலும்புக்குள் யாரோ அரம் போட்டு ராவிக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்றால் வயிறு கழன்றது. இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிவரை வருவதற்குத் தெம்பு வேண்டுமே என்று கொஞ்சம்தான் போட்டான். பிரவுனை விடுகிற இடத்துக்கு வர பிரவுன் போட்டுக்கொண்டான். இந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். பஸ் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது: பிரவுன் உள்ளே இருக்கும்போது மாத்திரை கூடாது. மூக்கு ஒழுகி, கொட்டாவி மேல் கொட்டாவி வந்து, கை மயிரெல்லாம் குத்திட்டு நின்ற பிறகுதான் தருவார்கள். அதற்கு முன்னால் வைத்தால், மாத்திரை உள்ளே நுழைந்து, உட்கார்ந்திருக்கிற பிரவுனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டிய வேதனை ஒரே மூச்சில் வந்து இறங்கும். உண்மையைச் சொன்னால் சிஸ்டர் திட்டமாட்டாள், "நடுக்கம் வந்தப்பறம் நாளைக்கு வா" என்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாளாகத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாயிற்று. அதனால் ஆஸ்பத்திரிக்கு எதிரே இறங்கி, பெட்டிக்கடையில் மூக்குப்பொடி மட்டை ஒன்று வாங்கி, இரண்டு மூக்கிலும் அடைத்துக்கொண்டான். கண் கொட்டியது, மூக்கு கொட்டியது. பிரவுன் உள்ளே இருந்தால் சுருங்கிக் காட்டிக்கொடுக்கிற கண்மணியைப் பார்க்க சிஸ்டர் டார்ச்சைத் தூக்கினபோது அவள் மூஞ்சியிலேயே தும்மினான். "சே, என்னப்பா இது" என்று துண்டால் துடைத்துக்கொண்டாள். "உடம்பு ரொம்பத்தான் படுத்துது போல. சரி, உக்காரு." பின்னால் இரண்டு பேர், "சிஸ்டர், வேலைக்கு நேரமாச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். டார்ச் அணைந்தது. மாத்திரை நசுங்கியது.

கொஞ்சம்தான் போட்டான். அவ்வளவு கொஞ்சத்துக்கு ஒன்றும் ஆகாது. லாரன்ஸ் போட்டது அப்படியில்லை, லாரன்ஸ் குடம் குடமாகப் போடுகிறவன், அவனையும் தன்னையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் லாரன்ஸும் அன்றைக்கு, போட்டதை மறைத்துவிட்டு, இதே பெஞ்சில், அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஷேர் ஆட்டோக்காரனிடம் சண்டை போட்ட கதையைக் கைஜாடையிலேயே சொல்லிக்கொண்டிருந்தான், வாயில் பொடி இருந்ததால். எல்லோரும் மூக்கால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொடி கரைந்து, சிஸ்டரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டு, வெளியே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தான். டீயைக் கையில் பிடித்தபடியே நின்றான். டீ மேல் வட்டம் வட்டமாக அலை எழும்பியது, அதைப் பார்த்துத்தான் டில்லிபாபுவுக்கு அவன் கை ஆடுவது தெரிந்தது. அப்புறம் சட்டையைக் கிழித்தான். பொத்தானைக் கழற்றவில்லை, கிழித்தான். "எரிக்கிறாங்கடா, டேய், என்னைய எரிக்கிறாங்கடா" என்று தூணில் தலையை முட்டினான், முட்டின இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து அவன் நெற்றி ரத்தத்தில் ஒட்டிக்கொண்டது. நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை. அந்த அறையில் கொடுத்தது விஷம் என்று கத்திக்கொண்டு ஓடிப் போனவன், வலி தாங்காமல் அதற்கு மேல் பிரவுன் போட்டிருக்கிறான். மாத்திரை இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் ஏறாது. ஏறவில்லையே என்று மறுபடி போட்டிருக்கிறான், மறுபடி. ரயில் பாலத்துக்கு அடியில், ஊசி காலிலேயே நிற்க, வாயோரம் நுரையோடு கிடந்தான். போய்ப் பார்த்தவர்களில் டில்லிபாபுவும் ஒருவன். தொட்டியில் தினம் எத்தனையோ கண்களைப் பார்க்கிறவன், அந்தக் கண்ணை மட்டும் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

எச்சில் ஊறி வாய் நிறைந்துவிட்டது. விழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போய் வீணாகும், விழுங்காவிட்டால் குமட்டும். கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டான். இதெல்லாம் ஒரு மேஸ்திரியால் வந்தது. பக்ரீத் நெருங்குகிற வாரம், தொட்டியில் வேலை நெரிந்தது, "இன்னும் நாலு உரிச்சிட்டுப் போடா, உனுக்கு மட்டும் இன்னா தினம் ஆஸ்பத்திரி, புள்ளத்தாச்சியா நீ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டில்லிபாபுவும் சிரித்துவிட்டு உரித்தான். உரிப்பதில் கத்தி கொஞ்சம்தான். பின்னங்காலில் ஒரு கீறல், அப்புறம் தோலுக்கும் சதைக்கும் நடுவில் முஷ்டியை விட்டுக் குத்திக் குத்தி இறக்க வேண்டும், சட்டையைக் கழற்றுகிற மாதிரி முழுசாகக் கழன்று வரும். அந்த நாலையும் குத்தி இறக்கிவிட்டு, முழங்கைவரை காய்ந்த ரத்தத்தோடு ஓடி வந்தபோது இந்தக் கம்பி ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே சிஸ்டர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "மருந்து அலமாரியைப் பூட்டி சாவியை ஒப்படைச்சாச்சுப்பா. இனி நானே நினைச்சாலும் முடியாது. நாளைக்கு முதல் ஆளா வா" என்றாள். கெட்டவள் இல்லை. அவள் சொன்ன விதத்தில் கெட்டது ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கம்பிக்கு நடுவே கையை விட்டு, அவள் கழுத்தில் தொங்குகிற சிலுவைச் சங்கிலியைச் சுற்றிப் பிடித்து இழுத்து, அந்த நல்ல முகத்தைக் கம்பியிலேயே அடித்து அடித்து, மூக்குத் தண்டு உடைகிற சத்தம்வரை மனசுக்குள்ளே அவனுக்குக் கேட்டது. கேட்டதும் பயந்துபோய் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தான். அன்று சாயங்காலம் முதுகுத்தண்டில் பழைய குளிர் எட்டிப் பார்த்தது, இருட்டியதும் போட்டான். முதல் நாள் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் நாள் வராததற்கு முதல் நாள்தான் காரணம். எந்த மூஞ்சியோடு வருவது? மூன்றாம் நாள் சம்பத் அவனைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தான்.

சம்பத்தை நினைத்ததும் வலது கை தானாக மடங்கி முஷ்டியாகிறது. சம்பத் இந்த சென்டரில் வேலை செய்கிறவன். முன்னே ஒரு காலத்தில் இவனும் ஊசி போட்டுக்கொண்டு இதே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான், இப்போது வராதவர்களைத் தேடிக்கொண்டு வீடு வீடாகப் போகிறான். அவனுக்கு ஒரு விதி உண்டு. வீட்டு ஆட்கள் முன்னால் சென்டர் பெயரையோ மருந்தையோ சொல்லக்கூடாது, "ரேஷன் போட்டுட்டாங்க, வரலையா?" என்றுதான் கேட்க வேண்டும். கம்பி ஜன்னலில் வரிசையாக நின்று வாங்குவதால் யாரோ வைத்த பேர். டில்லிபாபுவின் வீட்டில் அந்த விதி ரொம்ப முக்கியம், ஏனென்றால் பெண்டாட்டி கஸ்தூரிக்கு இது தெரியாது. அவன் பிரவுன் போட்டது தெரியும், அதற்காக அவள் தாலியை ஒருமுறை கழற்றிக்கொண்டு போனது தெரியும், விட்டுவிட்டான் என்பதும் தெரியும். மருந்தின் துணையால்தான் அதை விட்டான் என்பது மட்டும் தெரியாது. தானாக, மனசை இரும்பாக்கிக்கொண்டு, மகள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணி, பிரவுனை விட்டதாகச் சொல்லியிருந்தான். கஸ்தூரி அதை அவள் அம்மா வீட்டுக்கும், அவள் அக்கா புருஷன் முன்னாலும், குழாயடியிலும் சொல்லி வைத்திருந்தாள்: "எங்க வூட்டுக்காரு எந்த ஆஸ்பத்திரிக்கும் போவல. மனசு வெச்சாரு, உட்டாரு. அவ்ளோதான்." அவள் அப்படிச் சொல்லும்போது பக்கத்தில் நின்று டில்லிபாபு மீசையைத் தடவிக்கொள்வான். பிரவுன் போட்டபோதுகூட அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. மாத்திரைதான் வெட்கம். சம்பத் வந்து வாசலில் நின்று, "இன்னா டில்லி, ரேஷன் போட்டு மூணு நாளாச்சு, வரலையா?" என்றான். உள்ளேயிருந்து கஸ்தூரி, "எந்த ரேஷன்ணா? முந்தாநேத்துதானே பாமாயில் வாங்கினு வந்தேன்? இப்ப இன்னா போடறாங்க, துவரம்பருப்பா?" என்று பையை எடுத்துக்கொண்டே வெளியே வந்தாள். சம்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான், அடங்கவில்லை. அந்தச் சிரிப்பில் கெட்டது ஒன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. கத்தி தீட்டுகிற இரும்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. ஒரே வீச்சு. இடது தாடையில் விழுந்தது, தோல் பிளந்து உள்ளே வெள்ளையாக ஒன்று தெரிந்தது, எலும்போ பல்லோ. சம்பத் விழுந்தான். விழுந்தவனை வயிற்றில் உதைத்தான், இன்னொரு தரம், "என் வூட்டு வாசல்ல வந்து சிரிப்பியா, சிரிப்பியாடா." கஸ்தூரி பையைக் கீழே போட்டுவிட்டு மகளின் கண்ணைப் பொத்தினாள். அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், "நீ மறுபடி போட்டிருக்க" என்றாள். அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று ராத்திரியே மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சென்டர் ஆளை அடித்தால் பெயரை எடுப்பதோடு நிற்காது, போலீஸ். சம்பத் சொல்லியிருந்தால் இன்றைக்கு ஜன்னலிலேயே பிடித்திருப்பார்கள். ஆனால் சிஸ்டர் மாத்திரையை நசுக்கும்போது தானாகவே சொன்னாள்: "சம்பத்தைப் பார்த்தியா? பாவம், பைக்ல போய் விழுந்து தாடையெல்லாம் தையல். உன்னையத் தேடி அலைஞ்சப்பத்தான் விழுந்திருக்கான். அவன்ட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போ." பைக். எதற்குப் பொய் சொன்னான்? நல்லவனாகக் காட்டிக்கொள்ளவா? இல்லை, வைத்து அடிக்கவா? சம்பத்துக்கு இந்தப் பக்கத்து ஆட்களை எல்லாம் தெரியும், சந்து முனையில் நாலு பேரை நிறுத்தி வைத்திருந்தால்? வெளியே போகும்போது பின்னந்தலையில் விழும். விழட்டும், அதுகூடத் தேவலை. இந்தக் கால் ஏன் ஆடுகிறது? ஆடவில்லை, தானாகத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறான், சின்ன வயதிலிருந்தே இருக்கிற பழக்கம். கொஞ்சம்தான் போட்டான். கழுத்துக்குக் கீழே ஒரு சூடு, மின்விசிறி ஓடவில்லையோ? ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பொடி முக்கால்வாசி கரைந்து, நாக்கு நரம்பின் இரண்டு பக்கமும் மணல் மாதிரி மிச்சம் உறுத்தியது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சம்பத் உள்ளே வந்தான்.

இடது கன்னம் தேங்காய் அளவு வீங்கி, தாடையோரம் கறுப்பு நூல் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. புதுச் சட்டை போட்டிருந்தான், கஞ்சி மடிப்புக் கலையாத நீலச் சட்டை. டில்லிபாபுவைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றான். பிறகு நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பெஞ்ச் அமுங்கியது. டில்லிபாபுவின் உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்பும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. "இன்னா தலைவா" என்றான் சம்பத், வாயை முழுசாகத் திறக்க முடியாமல் ஒரு பக்கமாக. "வந்துட்டியே. நல்லது. வாயில வெச்சிருக்கல்ல, பேசாத. ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு வாயில மருந்து, ஒருத்தனுக்கு வாயில தையல். நல்ல ஜோடி." சிரிக்கப் பார்த்து, வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். டில்லிபாபு சுவரையே பார்த்தான். இவன் திட்டினால் தேவலை. ஒரு அறை விட்டால் தேவலை, திருப்பி அடிக்கலாம், அடித்தால் கணக்குத் தீரும். இவன் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுவதுதான் தாங்கவில்லை. "கஸ்தூரிய பாத்தேன்" என்றான் சம்பத். "நேத்து அவங்க அம்மா வூட்டாண்ட போய் பாத்தேன். பயப்படாத, ரேஷனத் தவிர ஒண்ணும் சொல்லல. ஆனா அவங்களுக்குத் தெரியும் டில்லி. ரொம்ப நாளாவே தெரியும். துணி துவைக்கறப்ப சட்டைப் பையில சென்டர் சீட்டு இருந்துச்சாம். 'அவுரு சந்தோஷமா மீசையத் தடவுறாரு, நான் ஏன்ணா கெடுக்கணும்'னு சொல்லுச்சு. குழாயடில நீ மனசு வெச்ச கதைய இன்னும் பெருசா சொல்லுமாம்."

தெரியும். ரொம்ப நாளாகவே தெரியும். அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்தாளே, துவரம்பருப்பா என்று கேட்டாளே, அதுவும் தெரிந்துதான் கேட்டாளா? சம்பத்தை வாசலைவிட்டு நகர்த்த, தன் மானத்தைக் காப்பாற்ற, தெரியாத மாதிரி அந்தப் பையை எடுத்தாளா? அப்படியென்றால் அன்று அந்த வாசலில் நின்ற இரண்டு பேருமே சேர்ந்து அவனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், அவன் கம்பியை எடுத்து வீசியிருக்கிறான். யாரை வெட்டுவது இப்போது? தன்னைத்தான். இந்த மார்பில் கீறி, முஷ்டியை விட்டுக் குத்தி உரித்து, உள்ளே இருக்கிறவனை வெளியே இழுத்துப் போட்டு மிதிக்க வேண்டும். சம்பத்தின் முகம் திடீரென்று வெகு கிட்டத்தில் வந்தது. அவன் டில்லிபாபுவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி பார்த்த மாதிரியே. "டேய்" என்றான் மெதுவாக. "கண்ணு இன்னாடா குண்டூசி மொனையாட்டம் இருக்குது? எப்ப போட்டே?" டில்லிபாபு தலையை ஆட்டினான். "காலைலயா? டேய், காலைல போட்டியா? சிஸ்டர் பாக்கலியா?" மூக்கை முகர்ந்தான். "மூக்குப்பொடி." அவன் குரல் இறங்கிப்போனது. "துப்புடா. இந்தா, என் கர்ச்சீப்ல துப்பு. சிஸ்டருக்குத் தெரிய வேணாம், நான் பாத்துக்கறேன். லாரன்ஸு ஞாபகம் இருக்குல்ல? துப்பு."

துப்பினால்? கைக்குட்டையில் துப்பின மருந்து. மருந்தை வாயில் ஒதுக்கி வெளியே கடத்திக்கொண்டு போய் விற்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடித்தால் அந்த நிமிஷமே வெளியே. இவன் அந்தக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலில் காட்டினால் போதும். பைக்கில் விழுந்தேன் என்றவன் இதற்காகத்தான் காத்திருந்தானா? கஸ்தூரி கதையெல்லாம் இவன் வாயிலிருந்து வந்ததுதானே, அவளிடம் போய்க் கேட்கவா முடியும்? தையல் போட்ட தாடையோடு ஒருத்தன் வந்து நல்லது செய்வானா? அடி வாங்கினவன் அடிப்பான், அதுதான் இயற்கை. டில்லிபாபு உதட்டை இறுக்கிக்கொண்டு நகர்ந்தான். சம்பத் அவன் பின்கழுத்தைப் பிடித்தான். "சொல்றேன்ல, துப்புடா, நேரமில்லடா" என்று இரண்டு விரலை அவன் கடைவாயில் செருகி, நாக்குக்கு அடியில் வழிக்கப் பார்த்தான். டில்லிபாபு கடித்தான். யோசிக்கவில்லை. பல் தோலைத் தாண்டி, வழுக்கி, எலும்பில் நின்றது. விடவில்லை. வாயெல்லாம் உப்பு. கசப்பு, எலுமிச்சை, உப்பு எல்லாம் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்குள் இறங்கியது. இறங்கிய பிறகுதான் பல்லைத் தளர்த்தினான்.

வரிசையில் நின்றவர்கள், "ஏய், ஏய்" என்றார்கள். ஒருத்தன், "இன்னாடா, சாப்ட்டு வரலையா?" என்றான், யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் ஜன்னலை விட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். சம்பத் கையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே, "சிஸ்டர், டாக்டருக்கு போன் போடுங்க. இவன் காலைல போட்டுட்டு வந்திருக்கான்" என்றான். அவள் முகம் வெளுத்தது. மறுபடி டார்ச்சை எடுக்கவில்லை, எதிரே குனிந்து நின்று, "டில்லி, என்னைப் பார்த்துச் சொல்லுப்பா. நிஜமா?" என்று கேட்டாள். வாயில் இப்போது பொடி இல்லை. பேசலாம். இத்தனை நேரம் நாக்குக்கு மேலே முட்டிக்கொண்டிருந்த அத்தனையும் பேசலாம். அவன் வாயைத் திறந்து, "இல்ல" என்றான்.

சொல்லி முடிக்கிற நேரத்திலேயே தெரிந்துவிட்டது. முதலில் குளிர் என்று நினைத்தான். குளிர் இல்லை. குதிகாலில் ஆரம்பித்தது, யாரோ அங்கே ஒரு கீறல் போட்டு முஷ்டியை உள்ளே விட்ட மாதிரி. பிறகு குத்திக் குத்தி மேலே ஏறியது. கெண்டைக்கால், தொடை, இடுப்பு. அவனுக்கு அந்த வேலை தெரியும், அடுத்த குத்து எங்கே விழும் என்று தெரியும், தெரிந்ததால் ஒவ்வொன்றும் இரண்டு தரம் விழுந்தது. குடல் முறுக்கிக்கொண்டு வாய் வழியாக வெளியே வரப் பார்த்தது. பெஞ்சுக்குப் பக்கத்திலேயே கக்கினான். கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது, இந்தத் தடவை மூக்குப்பொடி இல்லாமல். சம்பத்தும் இன்னொருத்தனும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, பக்கத்தில் இருக்கிற சின்ன அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். இரும்புக் கட்டில், பச்சை ரெக்சின் மெத்தை, அடைத்த ஜன்னல். வெளியே சிஸ்டர் போனில் யாரையோ, "சீக்கிரம் எடுங்க டாக்டர், எடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தன் வெளியே ஓடிவிட்டான். சம்பத் மட்டும் கதவுப்பக்கம் நின்றான்.

வெளியே போக வேண்டும். இந்த அறையிலிருந்து சந்து, சந்திலிருந்து ரோடு, ரோட்டைத் தாண்டி மீன் மார்க்கெட் பின்பக்கம், அங்கே எந்நேரமும் கிடைக்கும். ஒரே ஒன்று போட்டால் இது நிற்கும். நிற்காது, லாரன்ஸுக்கு நிற்கவில்லை. லாரன்ஸ் வேறே. இன்னொன்று போட்டால் நிற்கும், நிற்கிறவரை போட்டால் நிற்காமலா போகும்? நடுவில் நிற்பது சம்பத் ஒருத்தன். ஏற்கனவே பிளந்த தாடை, கடிபட்ட கை, ஒரு தள்ளுக்கு விழுவான். விழுந்தால் அந்தத் தையலில் ஒரு மிதி, அவ்வளவுதான், கதவு. கால் அதற்குள் தரையை ஊன்றிக்கொண்டுவிட்டது. உடம்பு எழுந்து நிற்கிறது, அவன் சொல்லி எழவில்லை. அவனுக்குள் அவனைக் கேட்காமல் ஒருத்தன் போய்க்கொண்டிருக்கிறான், மார்க்கெட்டுக்கு, அங்கேயிருந்து பாலத்துக்கு அடியில், யாரோ தன் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறவரை. மகள் அங்கே வருவாளா? கஸ்தூரி அவள் கண்ணைப் பொத்துவாளா? பல் கிட்டித்துக்கொண்டு வந்தது. அதற்குள் சொல்லிவிட வேண்டும். "சம்பத்து" என்றான். "இன்னாடா." "காலைலதான் போட்டேன். தெரிஞ்சுதான் வெச்சேன்." "தெரியும். உக்காரு." "உக்கார முடியாது. நான் இப்ப உன்னைய அடிப்பேன். அடிச்சிட்டு ஓடிருவேன். ஓடினா செத்துருவேன். நீ வெளிய போயி பூட்டிக்க. இன்னா கத்தினாலும் தொறக்காத, சிஸ்டரும் தொறக்கக் கூடாது. போடா, போய்த் தொலடா."

சம்பத் திரும்பிக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் துரு உரசி விழுந்தது. போய்விட்டான் என்று நினைத்துத்தான், வலியில் மூடியிருந்த கண்ணை டில்லிபாபு திறந்தான். தாழ்ப்பாள் உள்பக்கம் விழுந்திருந்தது. சம்பத் சுற்றின கையால் சிரமப்பட்டு நீலச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை உதறி, ஜன்னல் கொக்கியில் மாட்டினான். "புதுசு. அத மட்டும் கிழிச்சிறாத" என்றான். பனியனோடு கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றான். டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டு அவன் மேல் பாய்ந்தான். கதவு அதிர்ந்தது. திறக்கவில்லை.